மறு: டிப்ரைட்மென்ட்: களைவா, துப்புரவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தலையில் குண்டு பாய்ந்த காயத்துக்கான அறுவை பற்றிய செவிலியர் பாடத்தை நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அதில் டிப்ரைட்மென்ட், அதாவது காயத்தில் செத்த திசுவை வெட்டி அகற்றுவது, இந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் மட்டும் 11 இடத்தில் இன்னும் இடிக்கிறது.

> 'சிதைவுநீக்கம்' என்றே போடுங்கள். ஆங்கிலத்தில் டெப்ரி (debris) என்றால் சிதைவுதானே.

இல்லை ஐயா, டெப்ரிக்கும் அதற்கும் உறவே கிடையாது. பிரெஞ்சில் 'பிரீட்' என்றால் கடிவாளம்; இறுகிக் கிடக்கும் திசுவைக் கீறித் தளர்த்துவதுதான் முதற்பொருள், வெட்டி எடுப்பது பிற்பாடு ஏறிக்கொண்டது. அதற்காக நேற்று வந்த 'கடிவாள அவிழ்ப்பு' வேண்டாம், படிக்கிற பெண்ணுக்குக் குதிரைதான் ஞாபகம் வரும்.

எனக்கு 'நீக்கம்' என்ற சொல்லே பயமாக இருக்கிறது. 1917இல் போர்முனையில் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் மெல்லிய ரப்பர் குழாயைக் குண்டு போன தடத்தில் விட்டு, நசுங்கிய மூளையை உறிஞ்சி எடுத்து, எலும்புச் சில்லுகளைத் தடவிப் பார்த்து அகற்றினார். பாதிக்கு மேல் இருந்த இறப்பு மூன்றில் ஒன்றுக்கும் கீழே வந்தது. அப்புறம் ஒரு காலம், ஒரு சில்லு மிச்சமிருந்தாலும் மறுபடி திறந்தார்கள். இப்போது அப்படியில்லை: செத்ததை எடு, கைக்கு எட்டும் சில்லை எடு, ஆழத்தில் இருப்பதைத் தேடிப்போய் நல்ல மூளையைக் கெடுக்காதே, மூளையுறையை நீர் கசியாமல் மூடு.

அதனால்தான் 'களைவு' என்கிறேன். விளை, விளைவு, களை, களைவு. 'பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' (குறள் 550) என்பதில் களை எடுப்பதே பயிருக்காகத்தான்.

> மாணவிகள் களைப்பு என்று படிப்பார்கள். வார்டில் 'காயத்தைச் சுத்தம் பண்றது'தான்; துப்புரவு என்றே போடுங்கள்.

டாக்டரம்மா, வார்டுப் பேச்சு எனக்கும் தெரியும். 'சுத்தம் பண்ணப் போறோம்' என்று நாங்கள் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட ஓர் அண்ணன், கட்டு மாற்றுவது என்றே நினைத்திருந்தார். மழித்த தலையில் காது முன்னிருந்து உச்சிவரை ஓடிய தையலைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உப்புநீர் விட்டுக் கழுவுவதும் சுத்தம், மண்டையைத் திறப்பதும் சுத்தம் என்றால் எப்படி?

இதுவரை களைவுக்கு ஐந்து பேர், துப்புரவுக்கு இரண்டு. 'காயக் களைவு' என்று போட்டு, முதல் இடத்தில் 'செத்த திசுவை வெட்டி அகற்றுதல்' என்று விளக்கம் சேர்க்கிறேன். சரிதானே?

——

அனுப்புங்கள் தம்பி, கெடு முக்கியம். வேர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் களை தானாக முளைப்பது, குண்டு பட்ட திசு அப்படி முளைத்ததல்ல, நேற்றுவரை அதுவும் பயிர்தான். சிதைவுநீக்கத்தை நான் விடவில்லை.