சேறு, கட்டாந்தரை, தார் ரோடு: ஒரே டிராக்டருக்கு எந்த டயர்?

காவிரிக்கரை:
45 எச்.பி. டூ வீல் டிரைவ் வண்டி. பின் டயர் சைஸ் 13.6-28, பட்டன் (மண்ணைப் பிடிக்கிற ரப்பர் மேடு) தேஞ்சு மொழுக்குன்னு ஆயிடுச்சு. ஆவணி, புரட்டாசியில் சேற்றுழவு, தை தாண்டினா கரும்பு லோடு. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஜோடிதான் வாங்க முடியும். எதைப் போட்டா வண்டி எப்படி நடக்குதுன்னு பார்த்தவங்க சொல்லுங்க.

நீடாமங்கலம் உழவு வண்டி:
அண்ணே, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. வருஷத்துல வண்டி எத்தனை மணி நேரம் சேத்துல ஓடுது, எத்தனை மணி நேரம் தார்ல ஓடுது? ஆர்-1ங்கிறது சாதாரண உழவு டயர். ஆர்-2 நெல் வயலுக்கும் கரும்புக் காட்டுக்கும் வர்றது. பட்டன் உயரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, நடுவுல இடைவெளியும் ஜாஸ்தி. களிமண் அப்பினாலும் தானா உதிர்ந்திடும். அதே டயரை லோடோட தார்ல விட்டா, உயரமான பட்டன் நெளிஞ்சு நெளிஞ்சு சூடாகி சீக்கிரம் தேய்ஞ்சு போகும். பாதி வேலை ரோட்டுலங்கிற வண்டிக்கு ஆர்-2 வேண்டாம். ஆர்-1 போட்டு, சேத்துக்குக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிக்கோங்க. கேஜ் வீலோட மட்டும் தார்ல ஏறாதீங்க. ரோடும் போகும், ஆக்சிலும் அடி வாங்கும்.

டயர் கடை, பொள்ளாச்சி:
எந்த டயர்னு எல்லாரும் கேக்குறாங்க, எவ்வளவு காத்துன்னு கேக்குறவங்க கம்மி. இந்த சைஸுக்கு உழவுல 12 முதல் 14 பவுண்டு, டிரெய்லர் இழுக்க 18 பக்கம். வண்டி கையேட்டுல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. ரோட்டுக் காத்தோட வயல்ல இறங்கினா பட்டன் நடுப்பகுதி மட்டும் மண்ணைப் பிடிக்கும், சக்கரம் சும்மா சுத்தும். காத்து ரொம்பக் குறைஞ்சாலும் வம்புதான். இழுவையில ரிம் சுத்தும், டயர் பின்தங்கும், உள்ளே டியூப் இழுபட்டு வால்வு அடியோட கிழியும். கடைக்கு வர்ற கிழிஞ்ச வால்வுல நிறைய இந்த ரகம். ரிம்லயும் டயர்லயும் சேர்த்து பெயின்ட்டால ஒரு கோடு போட்டு வைங்க. கோடு விலகியிருந்தாலோ, வால்வு சாய்ஞ்சிருந்தாலோ அன்னைக்கே கழட்டிச் சரி பண்ணணும்.

மாட்டும்போது பக்கவாட்டு அம்புக்குறி முன்னோட்ட திசையில இருக்கணும். வண்டிக்குப் பின்னால நின்னு பார்த்தா பட்டன் கூரை முகடு மாதிரி, கூர் மேல பார்த்துத் தெரியும். சக்கர அகலத்தை மாத்த வீலை அதே பக்கத்துல திருப்பி மாட்டினா அம்பு தலைகீழாயிடும், சேறு வெளியே தள்ளாம உள்ளேயே அடைச்சுக்கும். இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாத்தணும்.

உடுமலை ராஜவாய்க்கால்:
கட்டாந்தரை உழவுல சறுக்குனா டயரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அளந்து பாருங்க சார். பின் டயர்ல சாக்பீஸ் அடையாளம் போட்டு, கலப்பை மண்ணுல இருக்கும்போது 10 சுத்து ஓட்டி, தொடக்கத்துலயும் முடிவுலயும் குச்சி நடுங்க. கலப்பையைத் தூக்கிட்டு அதே தூரம் ஓட்டி எண்ணுங்க. எட்டரையிலிருந்து ஒன்பது சுத்து வந்தா நல்லது. எட்டுக்குக் கீழே போனா டீசல் மண்ணுக்குள்ள போகுதுன்னு அர்த்தம். அப்பதான் எடை கூட்ட டயருக்குள்ள தண்ணி அடிக்கிறதை யோசிக்கணும். வண்டியை ஜாக்கில தூக்கி, வால்வை உச்சிக்குக் கொண்டு வந்து, தண்ணி வால்வு மட்டத்துக்கு வர்ற வரைக்கும் அடிச்சா முக்கால் பங்கு. இந்த சைஸுக்கு ஒரு டயர்ல 150 லிட்டருக்கு மேல பிடிக்கும். மீதி இடத்துக்குக் காத்து. உப்புத் தண்ணி கூடாது, ரிம் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும்.

நீடாமங்கலம் உழவு வண்டி:
அந்தத் தண்ணியோட சேத்துல இறங்கிடாதீங்க, புதையும். ஆவணிக்கு முன்னாடியே வடிச்சிடணும். லோடு இழுக்கும்போது முன்பக்கம் தூக்குதுன்னாலும் பின் டயர் தண்ணி உதவாது. அதுக்கு வண்டியோட முன்பக்கத்துல வெயிட் மாட்டணும்.

சிவகங்கை கரிசல்:
ஃபோர் வீல் டிரைவ் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. முன் சக்கரத்தோட விளிம்பு வேகம் பின் சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் ஜாஸ்தியா இருக்கிற மாதிரி கியர் வச்சிருப்பாங்க. பின்னால மட்டும் உயரமான டயர் போட்டா அந்தக் கணக்கு கெட்டுப்போய், முன் டயர் வண்டியை இழுக்காம உராயும். சைஸை மாத்தினா நாலையும் சேர்த்துத்தான் மாத்தணும். தார்ல ஓட்டும்போது ஃபோர் வீல் டிரைவை ஆஃப் பண்ணிடுங்க.

காவிரிக்கரை:
ஆர்-1 எடுத்துக்கறேன். டயர்ல தண்ணி, கட்டாந்தரை உழவுக்கு மட்டும். பழைய ஸ்டாக்கைத் தலையில கட்டினா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டயர் கடை, பொள்ளாச்சி:
பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2324ன்னா 2024, 23-வது வாரம். டயரை லேசா வளைச்சு பட்டன் அடிவாரத்தைப் பாருங்க, முடிக்கோடு மாதிரி வெடிப்பு தெரிஞ்சா விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். டியூபும் புதுசாவே போடுங்க. பழைய டியூப் விரிஞ்சிருக்கும், புது டயருக்குள்ள மடிஞ்சு அந்த மடிப்புலயே அறுந்துடும்.