"பாசி" என்று பட்டப்பேர், மூக்கில் கைக்குட்டை: இது விளையாட்டா, வம்பா?

பாம்பன் தகப்பன்:
எல்லாருக்கும் வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு. தினமும் பஸ்ல போய் வர்ற பள்ளிக்கூடம், பேரு வேணாம். என் வீட்டுக்காரி கடல்பாசி பறிக்கப் போறவ. ரெண்டு மாசமா கூடப்படிக்கிற நாலு பிள்ளைங்க, இவ பக்கத்துல வந்தாலே கைக்குட்டையை எடுத்து மூக்குல வச்சுக்குதுங்களாம். பேரே "பாசி"ன்னு ஆயிடுச்சு. பஸ்ல காலி சீட்டுல பையை வச்சுட்டு "ஆள் வருது"ன்னு சொல்றாங்களாம்.

இதை மகள் எங்ககிட்ட சொல்லவே இல்ல. வீட்டுல சோப்பு வாரத்துக்கு ஒண்ணு தீர்ந்துச்சு. ஏன்னு துருவிக் கேட்டப்பதான் அழுதா.

வகுப்பு டீச்சர்கிட்ட போனேன். "பிள்ளைங்க விளையாட்டு, நீங்க பெருசாக்காதீங்க"ன்னாங்க. நிஜமாவே நான்தான் பெருசாக்குறேனா? பிள்ளைங்க ஏன் இப்படி ஆகுதுங்க? பள்ளிக்கூடம் என்ன செய்யணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடல்சிங்கம்:
அண்ணே, நானும் மீன்காரி மகன்தான். என்னையும் "சூடை"ன்னுதான் கூப்பிட்டாங்க. செத்தா போயிட்டேன்? விடுங்க, தோல் தடிக்கட்டும்.

தொண்டி வாத்தியார்:
34 வருஷம் கடற்கரைப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காரணம் ரொம்பத் தேட வேண்டாம். ஆசிரியரிடம் பயம் போய்விட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, அடிக்கக் கூடாது, மனம் நோகப் பேசவும் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் பிரம்பை வாங்கிக்கொண்டவர்கள் அதற்குப் பதிலாக ஆசிரியர் கையில் என்ன கொடுத்தார்கள்? ஒன்றும் இல்லை. என் காலத்தில் ஒரு பையன் இன்னொருவனை இப்படி ஒதுக்கினால் முதல் நாளே நாலு வைத்திருப்பேன், மறுநாள் அந்தப் பேச்சே இருக்காது.

இரண்டாவது காரணம் வீடு. பாசி நாறும் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அவர்கள் வீட்டுத் திண்ணைதான்.

சாயல்குடி டீச்சர்:
சார் மேல மரியாதை உண்டு, ஆனா நீங்க சொன்னதுல பாதிதான் ஒத்துக்குவேன். வீடு காரணம், சரி. பிரம்பு மருந்துங்கிறது தப்பு. பலம் உள்ளவன் பலம் இல்லாதவனை என்ன வேணும்னாலும் செய்யலாம்ங்கிறதுதானே வம்போட அடிப்படைப் பாடம்? அதை நாமளே மேடை போட்டு நடத்திக் காட்டுன மாதிரி ஆகும்.

கடல்சிங்கம் தம்பி, கேலி வேற, இது வேற. டான் ஓல்வேயஸ்னு ஒரு உளவியலாளர் 1970கள்ல ஸ்வீடன்லயும் பிறகு நார்வேலயும் இதை முறையா ஆராய்ஞ்சவர். மூணு அடையாளம் சொன்னார்: நோகணும்னே செய்றது, திரும்பத் திரும்பச் செய்றது, எதிர்ல இருக்கிற பிள்ளையால திருப்பிக் கொடுக்க முடியாம இருக்கிறது. பாம்பன் அண்ணன் மகள் விஷயத்துல மூணும் இருக்கு. நாலு பேரு, ரெண்டு மாசம், அவ ஒத்தை ஆளு. உங்களைச் "சூடை"ன்னவனை நீங்க என்னன்னு கூப்பிட்டீங்க?

கடல்சிங்கம்:
"கணவாய்"னு 😀

சாயல்குடி டீச்சர்:
அதான். ரெண்டு பக்கமும் மீன் இருந்துச்சு. இங்க ஒரு பக்கம்தான் இருக்கு.

கீழக்கரை ராபியா:
எல்லாரும் வகுப்பறையையே பேசுறீங்க. என் பிள்ளைக்கு நடந்தது போன்ல. வகுப்புக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப், டீச்சர் இருக்கிறது. அதே பிள்ளைங்க டீச்சர் இல்லாம இன்னொண்ணு வச்சிருக்குதுங்க. அதுல இவன் திக்கிப் பேசுறதைப் பதிவு பண்ணிப் போட்டிருக்கானுங்க. முன்னெல்லாம் வீட்டுக்கு வந்துட்டா அன்னைக்கு முடிஞ்சுது. இப்ப தலகாணிக்கு அடியிலயும் வருது. அவங்க வாப்பா துபாய்ல, நான் யார்கிட்ட போய்ச் சொல்ல? பள்ளிக்கூடத்துல கேட்டா, "அது வெளியில நடந்தது"ன்னு கையை விரிக்கிறாங்க.

தொண்டி வாத்தியார்:
ராபியா அம்மா சொல்வதே என் கட்சி. அந்தப் போனை வாங்கிக் கொடுத்தது ஆசிரியரா? எல்லாவற்றையும் பள்ளியின் தலையில் கட்டாதீர்கள். 45 பிள்ளைகள், பதிவேடு, எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவேற்றம், தேர்தல் வேலை. இதற்கு நடுவில் யார் யாரை எப்படிப் பார்த்தான் என்று கண்காணிக்க முடியுமா?

வல்லம்:
நான் இந்தப் பக்கம் படிக்க மட்டும்தான் வருவேன். இன்னைக்கு எழுதுறேன். நான் அடிவாங்குனவன் இல்ல, அடிச்சவன்.

ஏழாவது படிக்கிறப்ப எங்கப்பா போன படகை இலங்கை நேவி பிடிச்சுட்டான். ரெண்டு மாசத்துக்கு மேல யாழ்ப்பாணத்துல சிறை. பயலுக "ஜெயில்காரன் மகன்"ன்னானுங்க. அம்மா பஸ் ஏறி ஏறி அதிகாரிங்களைப் பார்க்க அலைஞ்சுச்சு. வீட்டுல பல நாள் கஞ்சிதான். எங்க வகுப்புல, இலங்கை அகதிங்க இருக்கிற மண்டபம் முகாம்ல இருந்து ஒரு பையன் வந்தான். ஒல்லி. கூப்பிட்டா "ஓம்"னு சொல்லுவான். அவனுக்கு "ஓம் சாமி"ன்னு பேரு வச்சது நான்தான். உங்க ஊர்க்காரன்தானேடா எங்கப்பாவைப் பிடிச்சான்னு கேட்டுக் கேட்டு அடிப்பேன். அந்த நேவிக்குப் பயந்துதான் அவன் குடும்பமே படகேறி வந்துச்சுன்னு எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அடிச்சிருப்பேன்னு நினைக்கிறேன். ஏன்னா அன்னையில இருந்து என்னை யாரும் ஜெயில்காரன் மகன்னு சொல்லல. வகுப்பே என் பக்கம் சிரிச்சுச்சு.

தொண்டி சார், உங்களை மாதிரி ஒரு சார் எனக்கு முதுகு வீங்க வச்சாரு. மறுநாள் பேச்சு நின்னுச்சு, நீங்க சொன்ன மாதிரியேதான். அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல அடிக்கல, குழாயடிக்குப் பின்னாடி வச்சு அடிச்சேன். அதுவும் ரெண்டு மடங்கு, போட்டுக் கொடுத்ததுக்குச் சேர்த்து.

பாம்பன் தகப்பன்:
தம்பி, படிச்சுட்டு வெளிய போய் நின்னுட்டு வந்தேன். அந்தப் பையன் என்ன ஆனான்?

வல்லம்:
அரையாண்டுக்கு அப்புறம் வரல அண்ணே.

தொண்டி வாத்தியார்:
வல்லம் தம்பிக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் வேண்டும்.

மணல்மேடு:
நம்ம ஊர்ல கலாம் பேரை இழுக்காம ஒரு விவாதமும் முடியாது, அதை நானே செஞ்சுடுறேன். ராமேஸ்வரத்துல அஞ்சாம் வகுப்புல, கோயில் குருக்கள் மகன் பக்கத்துல உக்காந்திருந்த கலாமை எழுப்பிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புனது புதுசா வந்த வாத்தியார். பிள்ளைங்க ரெண்டும் அழுதுச்சு. அந்தக் குருக்கள் வாத்தியாரைக் கூப்பிட்டு, பிஞ்சு மனசுல விஷம் விதைக்காதேன்னு கண்டிச்சார். எல்லாரும் கடைசியில அவர் ஜனாதிபதி ஆனதை மட்டும் சொல்லிக் கைதட்டிட்டுப் போயிடுறோம். ஒதுக்குனது வாத்தியார், தடுத்தது வெளியில இருந்த ஒரு பெரியவர்ங்கிறது யார் மனசுலயும் நிக்கிறதில்ல.

இன்னொண்ணு. "பாசி நாத்தம்"ங்கிறதுல சாதி இல்லேன்னு நடிக்காதீங்க. நாங்குநேரியில 2023-ல ஒரு பட்டியல் சாதி மாணவனைக் கூடப்படிச்ச பையன்களே வீடு புகுந்து வெட்டுனதுக்கு அப்புறம்தான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை வச்சு ஒரு நபர் குழு போட்டாங்க. 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்தார். கையில கலர் கயிறு கட்டக் கூடாது, பள்ளிக்கூடப் பேர்ல சாதி இருக்கக் கூடாது, பிள்ளைங்களைப் பேரோட எழுத்து வரிசையில உக்கார வைக்கணும்னு சொன்னார். அருவா வர்ற வரைக்கும் அங்கயும் "விளையாட்டு"ன்னுதான் சொல்லியிருப்பாங்க.

சாயல்குடி டீச்சர்:
வல்லம் தம்பி எழுதுனதுல ஒரு வரி: "வகுப்பே என் பக்கம் சிரிச்சுச்சு." மருந்து எங்க இருக்குன்னு அந்த வரி சொல்லிடுச்சு.

கனடாவுல பள்ளி மைதானத்துல கேமராவும் மைக்கும் வச்சு ஆராய்ச்சி பண்ணினாங்க. 2001-ல வந்த கட்டுரை. பத்து வம்புல கிட்டத்தட்ட ஒன்பதுல வேற பிள்ளைங்க பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்திருக்கு. யாராவது குறுக்க போனது அஞ்சுல ஒரு தடவைதான். ஆனா போனப்பல்லாம், பாதிக்கு மேல பத்து நொடிக்குள்ள வம்பு நின்னுடுச்சு. பத்து நொடி! ஃபின்லாந்துல "கிவா"ன்னு ஒரு திட்டம், துர்க்கு பல்கலைக்கழகத்துல உருவாக்குனது, இதை வச்சுத்தான் ஓடுது. அடிக்கிறவனை விட, சிரிக்கிறவங்களுக்கும் சும்மா நிக்கிறவங்களுக்கும்தான் அதிகமாப் பாடம். சுத்தமா ஒழிஞ்சுடலதான், குறைஞ்சிருக்கு.

தொண்டி சார், 45 பேரைக் கண்காணிக்க முடியாதுதான். வம்பு நடக்கிற இடம் எல்லாப் பள்ளியிலயும் அஞ்சாறுதான்: குழாயடி, கழிப்பறைப் பக்கம், சத்துணவு வரிசை, பஸ், டீச்சர் வராத பீரியட். அங்க மட்டும் முறை போட்டு ஆள் நின்னா போதும். எங்க பள்ளியில பட்டப்பேரை யார் சொன்னாலும் கூடச் சிரிக்கிறவங்களைத் தனியாக் கூப்பிட்டு, "அவ இடத்துல உன் தங்கச்சி இருந்தா?"ன்னு அஞ்சு நிமிஷம் பேசுறோம். ஒவ்வொருத்தரா, தனித்தனியா. கூட்டமாக் கேட்டா எல்லாம் ஒண்ணு சேர்ந்து சாதிக்கும். எல்லார் முன்னாலயும் "மன்னிப்புக் கேளு"ன்னு கட்டாயப்படுத்தி நான் ஒரு தடவை செஞ்சு பார்த்தேன், படுதோல்வி. பாதிக்கப்பட்ட பிள்ளைதான் அதிகமாக் கூசிப்போச்சு.

கீழக்கரை ராபியா:
பிள்ளைங்க புகார் எழுதிப் போட "மாணவர் மனசு" பெட்டின்னு அரசுப் பள்ளியில வச்சிருக்காங்களே, அது?

சாயல்குடி டீச்சர்:
நல்ல யோசனைதான். ஆனா பல இடத்துல ஹெச்.எம். அறை வாசல்ல இருக்கும். யார் போடுறாங்கன்னு ஊரே பார்க்கும். உங்க மகனுக்கு அவசரம்னா 1098-க்கோ, கல்வித்துறையோட 14417-க்கோ போன் போடுங்க ராத்தா. அந்தப் பதிவை மட்டும் அழிச்சுடாதீங்க, அதுதான் ஆதாரம்.

தொண்டி வாத்தியார்:
இரண்டு நாள் யோசித்தேன். வல்லம் தம்பி, உன்னை அடித்தவர் நானில்லை. ஆனால் நானாக இருந்திருக்கலாம். மறுநாள் சத்தம் இல்லையென்றால் சரியாகிவிட்டது என்றுதான் நானும் கணக்கெழுதினேன். குழாயடிக்குப் பின்னால் போய்ப் பார்த்ததில்லை.

இருந்தாலும் டீச்சரிடம் ஒன்றைச் சொல்வேன். ஐந்து நிமிடம் பேசினால் எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்பதை நான் நம்பவில்லை. விளைவு என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். பிரம்பு வேண்டாம், பெற்றோரையாவது வரவழையுங்கள்.

சாயல்குடி டீச்சர்:
வரவழைக்கலாம் சார். வல்லம் வீட்டுல யாரை வரவழைப்பீங்க?

பாம்பன் தகப்பன்:
எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்றேன். திரும்பப் போய், விளையாட்டு இல்லேன்னு அந்த மூணு அடையாளத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். மறுநாளே மகளை முன் பெஞ்சுக்கு மாத்திட்டாங்க. பஸ்லயும் டிரைவர் பக்கத்து சீட்டு. தீர்ந்துச்சுன்னு சொன்னாங்க.

தொண்டி வாத்தியார்:
தம்பி, அது எப்படித் தீர்வு? தப்பு செய்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார்கள், இடம் மாறியது உங்கள் மகள். இதை எழுத்தில் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை, தட்ட முடியாது.

பாம்பன் தகப்பன்:
வெள்ளிக்கிழமை கூட்டம் சார், மூணு மணிக்கு. என் வீட்டுக்காரி அன்னைக்குப் பாசிக்குப் போகல, கூட வர்றா. அவ அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள காலெடுத்து வச்சே ரெண்டு வருஷம் ஆச்சு. வரவேணாம்னு இத்தனை நாளும் தடுத்துக்கிட்டிருந்தது மகள்தான்னு நேத்துதான் தெரிஞ்சுச்சு.