பழைய சிறு விமானங்களின் கட்டாயப் பரிசோதனை: எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் அனுபவங்கள்

பரந்தன் பெடியன்:
இரத்மலானையில் ஒரு ஹங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், பராமரிப்பு வேலை செய்கிறேன். ஊருக்கு வந்தால் எல்லாரும் கேட்பது இதுதான்: "எழுபதுகளில செய்த பிளேனிலயோ பிள்ளையள் ஓடப் பழகுதுகள்?" ஓம். பயிற்சிக்கு ஓடும் செஸ்னா 172 என்ற சிறு விமானம் விற்பனைக்கு வந்தது 1956இல். 1986இல் தயாரிப்பு நின்று, 1996இல்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் உலகம் முழுக்கப் பயிற்சிக்கு ஓடுகிறவற்றில் நாற்பது வயது தாண்டியவை நிறைய. அவற்றைப் பறக்க விடுவது ஏ.டி என்று நாங்கள் சொல்லும் கட்டாய உத்தரவுகள்தான். ஒரு மாடலில் ஆபத்தான குறை தெரியவந்தால், எதை, எப்படி, எத்தனை மணித்தியாலத்துக்குள் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அமெரிக்காவில் வடிவமைத்த விமானம் என்றால் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ வெளியிடும். செய்யாவிட்டால் பறக்கச் சட்டம் இடம் தராது.

நான் அடிக்கடி பார்ப்பது செஸ்னாவின் ஆசனத் தண்டவாளம். ஆசனம் அதன்மேல் முன்னும் பின்னும் நகரும், ஒரு ஊசி துளைக்குள் விழுந்து பிடித்துக்கொள்ளும். துளை தேய்ந்தால் மேலெழும்பும்போது ஆசனம் பின்னால் சறுக்கும். விமானி கையிலிருக்கும் யோக் என்ற கட்டுப்பாட்டுப் பிடியையும் இழுத்துக்கொண்டே போவார். மூக்கு இன்னும் உயர்ந்து, வேகம் செத்து, விமானம் விழும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் 100 மணித்தியாலத்துக்கோ 12 மாதத்துக்கோ ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது, அளக்க வேண்டும். தேய்ந்த துளையின் அகலம் 0.42 அங்குலத்தைத் தாண்டினால் தண்டவாளத்தை மாற்றாமல் பறக்கக்கூடாது.

ஒரு விமானத்தில் அழுக்கைத் துடைத்த பிறகுதான் துளையொன்று நீள்வட்டமாகிப் போயிருந்தது தெரிந்தது. அடுத்த நாள் காலை அதற்குப் பறப்பு இருந்தது. உரிமையாளர் எவ்வளவோ கேட்டும் எங்கள் எஞ்சினியர் கையெழுத்து வைக்கவில்லை. அந்தப் பின்னேரம் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

மாங்குளத்தான்:
தம்பி சொன்னதை நான் மற்றப் பக்கத்திலிருந்து பார்த்தவன். விமானியாகப் படிக்க அப்பா காலபோக நெல் விற்ற காசில் பணம் கட்டினார். நடுவில் எங்கள் விமானம் ஹங்கருக்குள் போய்விட்டது. "தம்பி, காசு கட்டினது பறக்கவோ, பிளேனைப் பார்த்துக்கொண்டு நிற்கவோ?" என்று அப்பா போனில் கேட்டார். பயிற்சி நிலையத்தில் "டெக்னிக்கல்" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிட்டார்கள். அது சரியில்லை. என்ன உத்தரவு, எதைப் பார்க்கிறார்கள் என்று மாணவனுக்குச் சொல்லவேண்டும். அதுவும் படிப்புத்தானே.

கடைசியில் ஹங்கரில் ஒரு ஐயாதான் கூப்பிட்டுக் காட்டினார். பெண்டிக்ஸ் கம்பனியின் பழைய இக்னிஷன் சுவிட்சுக்கு (எஞ்சினைச் சாவியால் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) 1976இலிருந்து ஒரு ஏ.டி உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது சாவியை ஓஃப் பக்கம் கடைசிவரை திருப்பிப் பார்ப்பார்கள். எஞ்சின் ஓட்டம் நிற்கவேண்டும். நிற்காவிட்டால், சாவியைக் கழற்றிய பிறகும், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மக்னீற்றோ உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். யாராவது புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சின் திடீரென்று ஸ்டார்ட் ஆகலாம். அன்றிலிருந்து நான் எந்தப் புரொப்பெல்லருக்குப் பக்கத்திலும் அலட்சியமாக நின்றதில்லை.

வவுனியா கராஜ்:
எங்களுக்கு ட்ராக்டர் வேலை. பழைய மெசினுக்குப் பார்ட்ஸ் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து போடுவோம். பிழைத்தால் வயலுக்குள் நிற்கும், அவ்வளவுதான். விமானத்துக்கு என்ன செய்வீர்கள்? செலவு யாருடையது, கம்பனியினுடையதா?

முள்ளியவளை:
கனடாவில் சிறு விமானப் பராமரிப்பில் இருக்கிறேன், இப்போது விடுமுறைக்கு ஊரில் நிற்கிறேன். அண்ணைக்குப் பதில்: அங்கீகரித்த வரைபடமும் சான்றும் இல்லாத பாகத்தை நாங்கள் பூட்ட முடியாது. செலவு பெரும்பாலும் உரிமையாளரின் தலையில்தான். சில பழைய விமானங்களை அந்தச் செலவுக்குப் பயந்தே நிறுத்திவிடுகிறார்கள்.

"பழையது" என்பதை வருடத்தால் மட்டும் எண்ணாதீர்கள். 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் டேடோனா பீச்சில், மேலெழும்பிய பைப்பர் பி.ஏ-28ஆர் என்ற சிறு விமானம் ஒன்றின் இடது இறக்கை கழன்று விழுந்து இருவர் இறந்தார்கள். அது 2007இல் செய்த விமானம். ஆனால் பயிற்சியிலேயே 7,690 மணித்தியாலம் பறந்திருந்தது. இறக்கையைத் தாங்கும் ஸ்பாரின் போல்ட் துளையில் களைப்பு வெடிப்பு, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி உலோகத்தில் வரும் வெடிப்பு, ஓடியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம்.

அதன்பிறகு வந்த ஏ.டி 2021 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. வாடகைக்கும் பயிற்சிக்கும் ஓடியவற்றுக்குச் செய்யும் 100 மணித்தியாலப் பரிசோதனைகளை எண்ணி, அந்த மணித்தியாலங்களை முழுதாக எடுப்பார்கள். விமானம் பறந்த மிச்ச மணித்தியாலங்களை 17ஆல் வகுத்து அதோடு கூட்டுவார்கள். 5,000 அல்லது அதற்கு மேல் வந்தால் போல்ட்டைக் கழற்றி, மின்னோட்டத்தால் வெடிப்பைக் கண்டுபிடிக்கும் எடி கரன்ட் கருவியைத் துளைக்குள் விட்டுப் பார்க்கவேண்டும். வெடிப்பு இருந்தால் ஸ்பாரையே மாற்றவேண்டும். அந்தப் போல்ட்டைக் கழற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வேன். துளையின் சுவரில் நாமே கீறல் போட்டால், அங்கிருந்தே புதிய வெடிப்பு தொடங்கலாம்.

பராமரிப்புப் பதிவுகள் தொலைந்திருந்தால் மணித்தியாலத்தைக் கணக்கிட வழியில்லை. அப்போது கட்டாயம் திறந்து பார்க்கவேண்டும். மாங்குளத்துத் தம்பி, நீங்களும் இனிப் படிக்கப் போகிற பிள்ளைகளும் காசு கட்டமுன் விமானத்தின் ஏ.டி பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், செய்த முறை, தேதி, மணித்தியாலம், அடுத்தது எப்போது, யாருடைய கையெழுத்து என்று இருக்கும். காட்ட மறுக்கிற இடத்தில் காசு கட்டாதீர்கள்.