மறு: ஆய்வு வினாவை ‘அமைப்பதா’, ‘உருவாக்குவதா’, ‘வகுப்பதா’?

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வாளர் தன் ஆய்வுக்கான வினாவை ‘ஃபிரேம்’ செய்வதைத் தமிழில் எந்தச் சொல்லால் சொல்வது என்ற இந்த இழையின் மடல்களை எல்லாம் மூன்று நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். விடைத்தாள் திருத்தும் வேலை இன்று காலைதான் முடிந்தது, அதனால் இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துப்போகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ரிசர்ச் கொஸ்டின்’ என்பதற்கு ‘ஆய்வு வினா’ போதும். யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியதுபோல் இலங்கையில் தமிழில் சமூகவியல் படிப்பவர்களுக்கு அது பழகிய சொல். இங்கே என் மாணவர்களும் கேட்டவுடன் புரிந்துகொள்கிறார்கள். புழங்குகிற நல்ல சொல்லை ஒதுக்கிவிட்டு இன்னொன்றைத் தேட வேண்டியதில்லை.

முடிச்சு அதற்கு அடுத்த சொல்லில் இருக்கிறது. அந்த வினாவை ஆய்வாளர் என்ன செய்கிறார்? ஆங்கில நூல்கள் ‘ஃபிரேம்’ செய்கிறார் என்கின்றன. இந்த இழையில் இதுவரை அமைத்தல், உருவாக்கல், வடிவமைத்தல், சட்டகப்படுத்தல், வினாக்கோள் எனப் பல வந்துவிட்டன. நான் முன்வைப்பது ‘வகுத்தல்’. ஆய்வு வினா வகுத்தல்.

ஏன் என்று சொல்ல, வகுப்பறையில் நடந்த ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு முதுகலை மாணவி ‘பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தின் தாக்கம் – ஓர் ஆய்வு’ என்று தலைப்பு கொண்டுவந்தார். நல்ல களம். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்று 2021 மே மாதம் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் அம்மாவே தினமும் அந்தப் பேருந்தில்தான் வேலைக்குப் போய்வருகிறார். ஆனால் அந்தத் தலைப்பில் வினா என்று ஒன்று இல்லை. எந்தப் பெண்கள்? வேலைக்குப் போகிறவர்களா, வீட்டில் இருப்பவர்களா, கல்லூரி மாணவிகளா? தாக்கம் எதன்மேல்? மாதச் செலவின்மேலா, வேலை தேடிப் போகும் தூரத்தின்மேலா, பிறந்த வீட்டுக்குப் போய்வருவதன்மேலா? எதோடு ஒப்பிட்டு?

“முன்னாலும் பின்னாலும் ஒப்பிடலாம் சார்” என்றார். சரி, நாட்காட்டியைப் பார்ப்போம் என்றேன். சலுகை நடைமுறைக்கு வந்தது மே 8. மே 10 அன்று முழு ஊரடங்கு தொடங்கிப் பேருந்துகள் நின்றுபோயின. மறுபடி ஓடத் தொடங்கியபோது மக்களின் வேலை, வருமானம், கூட்டத்தைப் பற்றிய பயம் எல்லாமே மாறியிருந்தன. 2020ஆம் ஆண்டையும் 2021ஆம் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணில் படுவது சலுகையின் விளைவா, தொற்றின் விளைவா? பிரிக்கவே முடியாது. ஆகவே காலத்தை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்தோம். நகரப் பேருந்து வந்துபோகும் ஓர் ஊர். டவுனிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில், காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டிய மினி பஸ் மட்டும் வரும் இன்னோர் ஊர். கடைசியில் அவர் நோட்டில் எழுதியது இது: ‘சொந்த வருமானம் இல்லாத பெண்கள், வீட்டில் யாரிடமும் காசு கேட்காமல், எந்தெந்தப் பயணங்களுக்குக் கிளம்புகிறார்கள்? இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே அதில் வேறுபாடு உண்டா?’

இன்னும் சீவ வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போகலாம். யாரைப் பார்ப்பது, எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று இந்த வினாவே சொல்லிவிடுகிறது.

இப்போது யோசியுங்கள். அந்த ஒரு வாரத்தில் அவர் செய்த வேலைக்கு என்ன பெயர்? ‘உருவாக்கினார்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லாத ஒன்றை அவர் கொண்டுவரவில்லை. பரந்து கிடந்த ஒரு பொருளைப் பெண்கள் என்று பிரித்து, பெண்களில் யார் என்று பிரித்து, பயணத்தில் எது என்று பிரித்து, பிறகு பிரித்தவற்றை ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்தினார். தமிழில் இந்த இரண்டையும் ஒரே சொல் செய்கிறது. வகுத்தல் என்றால் கூறாக்குதல். வியூகம் வகுத்தல், திட்டம் வகுத்தல், இலக்கணம் வகுத்தல் என்னும்போது ஒழுங்குபட நிறுத்துதல். நூல் எழுதும் முறைகளாக நன்னூல் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் ‘தொகுத்துச் சுட்டல்’ என்பதை அடுத்தே ‘வகுத்துக் காட்டல்’ வருகிறது. தலைப்பு என்பது தொகுத்துச் சுட்டுவது, வினா என்பது வகுத்துக் காட்டுவது என்று சொன்னால் இளங்கலை மாணவருக்குக்கூட அரை நிமிடத்தில் விளங்கும்.

மற்றச் சொற்களை ஏன் விடுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். ‘வினா அமைத்தல்’ என்றதும் ஆசிரியர்களுக்கு நினைவுக்கு வருவது வினாத்தாள். ‘வடிவமைத்தல்’ ஏற்கெனவே ‘ஆய்வு வடிவமைப்பு’ என்பதில் இருக்கிறது, அது வேறு கட்டம். ‘சட்டகம்’ கோட்பாட்டுச் சட்டகம் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. மேலும் படத்துக்குச் சட்டம் போடுவது என்ற ஆங்கிலப் படிமத்தை அப்படியே தூக்கிவருவதால், படம் முன்பே தயாராக இருந்ததுபோல் ஒரு மயக்கத்தையும் அது தருகிறது.

இந்த இழையில் ‘வினாக்கோள்’ என்று எழுதிய அம்மையாரின் மடலை இரண்டு முறை படித்தேன். கருதுகோள், குறிக்கோள், மேற்கோள் என்ற வரிசையில் அழகாகப் போய் உட்காருகிறது. கருதுகோளுக்குப் பக்கத்தில் வினாக்கோள் என்று சொல்லிப் பார்க்கும்போது காதுக்கும் இனிமை. என் தயக்கம் ஒன்றுதான். கருதுகோளில் ஆய்வாளர் ஒரு முடிவைத் தற்காலிகமாகக் கையில் கொள்கிறார், அதனால் ‘கோள்’ பொருந்துகிறது. வினாவில் அவர் கை வெறுங்கை. அந்த வெறுமையை மறைக்காத சொல் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இழையில் ஒருவர் கேட்டது:

> வகுத்தல் என்றால் கணக்குப் பாடம்தானே நினைவுக்கு வரும்?

வரட்டும். பெரிய எண்ணைக் கையாளும் அளவுக்குக் கூறுபோடுவதுதானே அங்கேயும் நடக்கிறது. உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு: இதைப் பெயராக்கி ‘வினா வகுப்பு’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. வகுப்பு என்றால் ஒரு பக்கம் பள்ளிக்கூடம், இன்னொரு பக்கம் வகுப்புவாதம். சமூக அறிவியல் நூலில் அது பெரிய குழப்பம். தொழிற்பெயராக ‘வினா வகுத்தல்’, வினையாக ‘வினாவை வகுத்தார்’, ‘நன்கு வகுத்த வினா’ என்று நிறுத்திக்கொள்வோம்.

அப்புறம், வினா வகுப்பதைக் கற்பிக்க நாம் வெளியே போக வேண்டிய தேவையே இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனோமே, நன்னூலில் பவணந்தியார் சொன்ன ஆறு வகை வினா: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். நான் இப்போது ஆய்வுமுறைப் பாடத்தை இதிலிருந்துதான் தொடங்குகிறேன். ஆசிரியர் விடை தெரிந்துகொண்டே மாணவரைக் கேட்பது அறிவினா. விடை தெரியாமல் கேட்பது அறியா வினா. கயிறோ பாம்போ என்பது ஐய வினா. வீட்டுக்குள் இருந்து “தண்ணீர் எடுத்து வருகிறாயா?” என்று குரல் வந்தால் அது ஏவல் வினா, வடிவம்தான் கேள்வி, உள்ளே இருப்பது வேலை.

இதை வைத்துக்கொண்டு ஆய்வேடுகளைப் பாருங்கள். ‘மதுப்பழக்கம் குடும்பத்தைப் பாதிக்கிறதா?’ என்பது அறிவினா. பாதிக்கிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும், மூன்று மாதம் அலைந்து அதை எண்ணாக்கி எழுதுவதில் யாருக்கும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ‘தூய்மைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகள் ஏன் இன்னும் வழங்கப்படவில்லை?’ என்று ஒரு மாணவர் கோபத்தோடு எழுதிவந்தார். அந்தக் கோபம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது ஏவல் வினா. வழங்கு என்பதுதான் அதன் பொருள். அதை அறியா வினாவாக மாற்ற அவரோடு உட்கார்ந்து பேசினேன். கருவி வாங்கும் முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது, ஒப்பந்தத் தொழிலாளருக்கும் நிரந்தரத் தொழிலாளருக்கும் அது ஒன்றுபோலக் கிடைக்கிறதா, கிடைத்ததை அவர்கள் அணியாமல் விடும் நேரங்கள் எவை, ஏன்? கோபம் அப்படியே இருந்தது. ஆனால் இப்போது தேடுவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. கருதுகோளைச் சோதிக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் ஐய வினாவிலும், புதுக் களத்தில் துழாவும் ஆய்வுகள் அறியா வினாவிலும் நிற்கின்றன என்று சொல்லலாம். இன்றைய வகைப்பாட்டோடு நூலிழை பிசகாமல் பொருந்தும் என்று வாதிட மாட்டேன். வகுப்பில் உதவுகிறது, அது போதும்.

வினா வகுத்தலுக்கு நான் எப்போதும் காட்டும் பெரிய எடுத்துக்காட்டு அம்பேத்கர். 1916 மே 9, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மானுடவியல் கருத்தரங்கு. அவருக்கு வயது 25. இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசிக்கிறார். முன்னே, சாதி பற்றி ஏற்கெனவே எழுதிய செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வரின் வரையறைகள் இருக்கின்றன. தீட்டு, சேர்ந்து உண்ணாமை, பரம்பரைத் தொழில் என்று ஆளுக்கொரு பண்பைச் சொல்லியிருந்தார்கள். அம்பேத்கர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இது சாதிக்கே உரியதா அல்லது சாதியால் விளைந்ததா என்று பிரித்துக்கொண்டே வருகிறார். கடைசியில் கையில் மிஞ்சுவது அகமணம் ஒன்றுதான். அங்கே வினா மாறிவிடுகிறது. ‘சாதி என்றால் என்ன?’ என்ற பெருங்கேள்வி போய், ‘தன் குழுவுக்குள்ளேயே மணம் என்ற கட்டு உடையாமல் எப்படிக் காக்கப்பட்டது?’ என்று ஆகிறது. அதையும் விடாமல் மேலும் கூறுபோடுகிறார். குழுவுக்குள்ளேயே மணம் என்றால் மணவயதில் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் மிகுதி, மனைவி இறந்தால் ஓர் ஆண் மிகுதி. அந்த மிகுதியை என்ன செய்தார்கள்? இப்படிக் கேட்டவுடன் உடன்கட்டை, விதவை மறுமணத் தடை, சிறுமியர் மணம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கொடுமைகளாக இல்லாமல் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகளாகத் தெரிய ஆரம்பிக்கின்றன.

அவர் தந்த விடையோடு பின்னால் வந்தவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் மாறுபடலாம். வினாவை அவர் வகுத்த விதத்தை மாணவர்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ‘அமைத்தார்’ என்றோ ‘உருவாக்கினார்’ என்றோ எழுதினால் அந்த அறுத்துப் பிரிக்கும் வேலை சொல்லில் தெரியாமல் போய்விடுகிறது.

இன்னும் ஒரு பிரிவு பேச வேண்டியிருக்கிறது. ‘ஆய்வுச் சிக்கல்’ என்று தமிழ்நாட்டு ஆய்வேடுகளிலும், ‘ஆய்வுப் பிரச்சினை’ என்று இலங்கையிலும் எழுதுகிறோம். இதை ஆய்வு வினாவுக்கு மாற்றாக எழுதுவதை நிறுத்தினால் நல்லது. ஊரில் குடிநீர் இல்லை என்பது சமூகச் சிக்கல். ஒரே குழாய்த்தொடரில் இருக்கும் இரண்டு தெருக்களில் ஒன்றுக்கு மட்டும் வருகிறது, காரணம் யாரும் விளக்கவில்லை என்பது ஆய்வுச் சிக்கல். வால்வைத் திறந்து மூடும் நேரத்தை யார், எதை வைத்து முடிவுசெய்கிறார்கள் என்பது ஆய்வு வினா. மூன்றும் வேறு வேறு.

வினாவும் கேள்வியும்கூட அப்படித்தான். பேச்சில் இரண்டும் ஒன்றுதான், தெரியும். ஆனால் ஆய்வுமுறையில் இவற்றைப் பிரித்துப் பயன்படுத்தினால் ஒரு பெரிய தவறைத் தடுக்கலாம். அந்தப் பேருந்து மாணவி முதலில் தயாரித்த படிவத்தில் ‘கட்டணமில்லாப் பயணம் உங்கள் தன்னம்பிக்கையை உயர்த்தியுள்ளதா?’ என்று இருந்தது. முன்னோட்டமாகக் கேட்ட அத்தனை பேரும் “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டார்கள். தான் தேட வேண்டிய விடையை அவர்களிடமே கேட்டு வாங்கிவிட்டார். பிறகு அதை எடுத்துவிட்டு, ‘போன வாரம் எங்கெல்லாம் போனீர்கள்? கிளம்பும்போது வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா? கூட யார் வந்தார்கள்?’ என்று போட்டார். ஆய்வாளர் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது வினா. களத்தில் மக்களிடம் கேட்பது கேள்வி. கேள் என்ற வேருக்குக் கேட்டறிதல், காதுகொடுத்தல் இரண்டும் பொருளாக இருப்பதால் நேர்காணலுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இதில் ஒரு தடை இருக்கிறது, அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். களப் படிவத்துக்கு வினாநிரல், வினாப்பட்டியல், வினாக்கொத்து என்று எல்லாமே ‘வினா’வில் தொடங்கும் பெயர்களாக வேரூன்றிவிட்டன. என் பிரிவினைப்படி பார்த்தால் அது ‘கேள்விநிரல்’ ஆக வேண்டும். இத்தனை நாள் புழங்கிய சொல்லைத் தொடுவதா, அல்லது இந்த ஒன்றை மட்டும் விதிவிலக்காக விட்டுவிடுவதா? ஆய்வுமுறைக் கையேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ‘ஆய்வு வினா வகுத்தல்’ என்று தலைப்பிட்டு இன்று மாலை திருத்திவிட்டேன். ஐந்தாம் அத்தியாயம் களப் படிவம் பற்றியது, அதன் தலைப்பை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன். வினாக்கொத்து என்று வழங்குகிற இலங்கை நண்பர்களும், களப்பணியில் இருப்பவர்களும் முதலில் எழுதினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்.