மருவலும் மாற்றும்: ஃப்ளூ வைரசுக்கு இரண்டு சொற்கள்

அன்பர்களே,

ஃப்ளூ வைரசின் புறத்தோற்றம் சிறு பிழைகளால் மெல்ல மாறுவது 'ஆன்டிஜெனிக் டிரிஃப்ட்'; ஒரேயடியாக மாறுவது 'ஆன்டிஜெனிக் ஷிஃப்ட்'. இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் முறையே 'நகர்வு', 'பெயர்ச்சி' என்ற இணைக்கு ஆதரவு கூடிவருகிறது. எனக்கு உடன்பாடில்லை.

முதியோருக்கான தடுப்பூசிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்தபோது நானும் டிரிஃப்டை 'எதிர்ப்பொருள்தூண்டி நகர்வு' என்றுதான் எழுதினேன் (எதிர்ப்பொருள்தூண்டி என்பது ஆன்டிஜென்). படித்துப் பார்த்த அப்பா, "எது, எங்கே நகர்கிறது?" என்று கேட்டார். எதுவும் எங்கும் நகரவில்லை. ஃப்ளூ வைரசின் ஆர்என்ஏ படியெடுக்கப்படும்போது மெய்ப்புப் பார்க்க ஆளில்லை. பிழைகள் அப்படியே அச்சேறுகின்றன. பல பிழைகள் வைரசுக்கே கேடு. வைரசின் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளூட்டினின் புரதத்தின் தலைப்பகுதியில் நேரும் சில பிழைகளோ, சென்ற ஆண்டு நம் உடலில் உருவான எதிர்ப்பொருளுக்கு (ஆன்டிபாடி) பிடிகிடைக்காமல் செய்துவிடுகின்றன. இதற்குப் பெரிய மாற்றம் எதுவும் வேண்டியதில்லை. 1968 முதல் 2003 வரை எச்3என்2 என்ற ஃப்ளூ ஏ வகை இவ்வழியில் கண்ட பெருந்தாவல்களை ஆராய்ந்தவர்கள், செல்லைப் பற்றும் குழியை ஒட்டிய ஏழே இடங்களைத்தான் முக்கியமாகச் சுட்டினார்கள்.

இதற்கு நம் இலக்கணத்திலேயே ஒரு சொல் இருக்கிறது: மரூஉ. கோயம்புத்தூர் கோவை ஆனதும் உதகமண்டலம் உதகை ஆனதும் வழங்கி வழங்கித் தேய்ந்ததால்தான். ஊர் அதே ஊர். பழைய பெயரை மட்டும் அறிந்தவருக்குப் புதிய பெயர் பிடிபடாது. எதிர்ப்பொருளின் நிலையும் அதுவே. ஆகவே 'மருவல்'. 'திரிபு' இன்னும் பொருத்தம் என்பவர்களுக்கு: கொரோனா காலத்தில் செய்தித்தாள்கள் அதை 'வேரியன்ட்'டுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன.

ஷிஃப்டுக்கான 'பெயர்ச்சி'யில் வேறு சிக்கல். குருப்பெயர்ச்சியில் குரு அதே குரு, வீடுதான் மாறுகிறது. இங்கே வீடு மனித உடல், அது மாறவில்லை. வந்திருப்பவர் முகம்தான் புதிது. (பரிகாரம் என்னவென்று யாராவது கேட்கவும் கூடும்.)

நடப்பது இதுதான். ஃப்ளூ ஏ வைரசின் மரபுத்தொகுதி எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. இருவேறு வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் புகுந்தால் துண்டுகள் கலந்து புதிய கட்டு உருவாகலாம். 1957இன் ஆசிய ஃப்ளூவில் மூன்று துண்டுகள் பறவை வைரசிலிருந்து வந்தவை. 1968இன் ஹாங்காங் ஃப்ளூவில் இரண்டு. ஹீமக்ளூட்டினின் புதிது, மேற்பரப்பின் இன்னொரு புரதமான நியூராமினிடேஸ் பழையது. பாதி முகம் என்று வேண்டுமானால் சொல்லலாம், ஆனால் உலகம் முழுவதும் பரவ அதுவே போதுமாக இருந்தது.

வேறோர் உடலிலிருந்து வந்து பொருந்துவதற்குத் தமிழில் சொல் ஏற்கெனவே புழங்குகிறது: சிறுநீரக மாற்று, இதய மாற்று. அதே தடத்தில் ஷிஃப்டுக்கு 'முகமாற்று', அதற்கு இணையாக டிரிஃப்டுக்கு 'முகமருவல்' என்று வைத்தேன். 'எதிர்ப்பொருள்தூண்டி மருவல்' மூச்சுவாங்க வைக்கும். ஈழத்து வழக்கான 'பிறபொருளெதிரியாக்கி'யைச் சேர்த்தால் இன்னும் நீளும். பாடநூலில் முதல் முறை மட்டும் நீண்ட வடிவத்தைத் தரலாம்.

வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன். "ஃப்ளூ பி வைரசில் முகமருவல் உண்டு, முகமாற்று இல்லை." "முகமருவலால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசிக்கான வகைகளைப் பரிந்துரைக்கிறது." தடையின்றி ஓடுகிறது.

திருத்திய கையேட்டை மீண்டும் அப்பாவிடம் கொடுத்தேன். முகமாற்றைத் தயங்காமல் கடந்தார். முகமருவலில் நின்றுவிட்டார். "ஃப்ளூ வந்தால் முகத்தில் மரு வருமா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. மருவலை விட மனமில்லை; முகத்தை எடுத்துவிட்டு 'புறமருவல்', 'புறமாற்று' என்று வைக்கலாமா? 'உரு' வேண்டாம், உருமாற்றத்தோடு குழம்பும். வேறு முன்னொட்டு தோன்றுபவர்கள் எழுதுங்கள். கையேடு அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது.