ஜோ கால்சாகி 46-0: சாதனையா, சாமர்த்தியமா?

ரிங்சைடு ராஜா:
46 சண்டை, ஒரு தோல்வி கூட இல்லைன்னு வேல்ஸ் குத்துச்சண்டை வீரர் கால்சாகியைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறவங்ககிட்ட ஒரு கேள்வி. 1997ல ஷெஃபீல்டில் கிறிஸ் யூபேங்கை ஜெயிச்சு டபிள்யூபிஓ அமைப்போட சூப்பர் மிடில்வெயிட் எடைப் பிரிவு உலகப் பட்டம் வாங்கினார். அதுக்கப்புறம் எட்டு வருஷம் பெரிய சண்டை எது? இன்னொரு அமைப்பான ஐபிஎஃப் பட்டத்தோட ஜெர்மனியில ஸ்வென் ஓட்கே இருந்தார். ரெண்டு பேரும் மோதவே இல்ல. கடைசியில 43 வயசு ஹாப்கின்ஸ், 39 வயசு ராய் ஜோன்ஸ்னு வயசான அமெரிக்க ஜாம்பவான்களை ஜெயிச்சார். சிங்கத்துக்குப் பல்லு விழுந்தப்புறம் கூண்டுக்குள்ள போறது வீரமா?

இடதுகை இளங்கோ:
ராஜா அண்ணே, கால்சாகி ஜெயிச்ச ராபின் ரீட், உட்ஹால், புரூவர், பைரன் மிட்செல் எல்லாம் முன்னாள் சாம்பியன்கள். ஓட்கே சண்டை நடக்காததுக்குப் பழி ஒருத்தர் மேல மட்டுமா?

2006 மான்செஸ்டரை மறந்துட்டீங்க. தோல்வியே தெரியாத ஜெஃப் லேசியை அமெரிக்காவே கொண்டாடிட்டு இருந்தது. கால்சாகிக்குக் கையில காயம், விலகிடலாம்னு இருந்தவரை அப்பா என்ஸோ பேசி இறக்கினார். 12 ரவுண்டும் லேசி அடி வாங்கினார். ரெண்டு நடுவர் கால்சாகிக்கு 119-107னு புள்ளி கொடுத்தாங்க, ஒருத்தர் 119-105. அடுத்த வருஷம் கார்டிஃபில் 39-0ன்னு இருந்த கெஸ்லரையும் ஜெயிச்சார்!

ராஜா:
லேசி, கெஸ்லர் சரி. அந்த ரெண்டையும் நான் குறை சொல்லல. ஹாப்கின்ஸ்?

இளங்கோ:
அந்த "கிழவர்" கால்சாகிகிட்ட தோத்த ஆறே மாசத்துல, தோல்வி காணாத பாவ்லிக்கை வெளுத்தார். 46 வயசுல உலகப் பட்டமும் வாங்கினார்.

ராஜா:
ஹாப்கின்ஸ் சண்டையில முதல் ரவுண்டுலயே கால்சாகி தரையில விழுந்ததையும் சொல்லுங்க. ஒரு நடுவர் ஹாப்கின்ஸுக்குத்தான் கொடுத்தார். கால்சாகி விட்டதெல்லாம் குத்தா? கன்னத்துல அறையுறது.

சும்மா வந்தவன்:
கை அடிக்கடி உடைஞ்சா யாரும் அப்படித்தான் அடிப்பாங்க பாஸ். அப்படியும் 32 பேரை பாதியிலயே முடிச்சார். எனக்கு ஆச்சரியம் அப்பாதான்: இத்தாலியோட சார்டீனியா தீவுக்காரர், இசைக்கலைஞர், குத்துச்சண்டை பின்னணியே கிடையாது. நியூபிரிட்ஜ் ஜிம்முல இருந்து மகனோட சேர்த்து மக்கரினெல்லி, கேவின் ரீஸையும் உலக சாம்பியன் ஆக்கினார்.

ராஜா:
அப்பாவுக்கு ஒரு சல்யூட். ஆனா 2008 டிசம்பரில் கார்ல் ஃப்ராச் அதே சூப்பர் மிடில்வெயிட்டில் டபிள்யூபிசி அமைப்போட பட்டம் ஜெயிச்சார், 2009 பிப்ரவரியில கால்சாகி ஓய்வு. நேரம் பார்த்தீங்களா?

இளங்கோ:
36 வயசு, நொறுங்கின கை, கையில 46-0. நீங்களா இருந்தா ஃப்ராச்கிட்ட அடி வாங்கப் போவீங்களா?

ராஜா:
நான் போகமாட்டேன். என்னை யாரும் வரலாற்றிலேயே சிறந்தவன்னு சொல்லலையே!