பேச்சிலும் மொழியிலும் சிரமப்படும் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே உதவி: வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் பள்ளியில் எல்லோரோடும் ஒன்றாகப் படிக்கிற, பேச்சிலும் மொழியிலும் சிரமப்படும் மாணவர்களுக்கு ஒரு உதவிப் பிரிவு தொடங்குகிறோம், பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

மொழி வளர்ச்சிக் குறைபாடு, அதாவது பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதிலும் நினைப்பதைச் சொல்வதிலும் நீடிக்கிற சிரமம், 30 பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய 2 பேருக்கு இருக்கும். ஆனால் வெளியில் தெரியாது. திக்கிப் பேசினால் உடனே கவனிக்கிறோம். சொன்னது புரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து நோட்டைத் திறக்கிற பிள்ளையை மட்டும் ‘கவனமில்லை’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

ஸ்பீச் தெரபிஸ்ட் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். தனியறைக்கு அழைத்துப் போனால் பாடம் விட்டுப்போகிறது, அங்கே பழகிய சொல்லும் வகுப்புக்குள் வருவதில்லை, அதனால் அவர் வகுப்பிலேயே உட்கார்ந்து ஆசிரியருக்கும் சேர்த்துப் பழக்கிக் கொடுப்பதே சரி என்று நினைக்கிறேன். படம் போட்ட கால அட்டவணை, புதுச் சொற்களை முன்கூட்டியே சொல்லித் தருவது, கேள்வி கேட்டபின் பத்து விநாடி பொறுத்திருப்பது எல்லாம் தொடங்கியாயிற்று.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: யாருக்கு முதலில் உதவி என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பேச்சே வராத பிள்ளைக்குப் படத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்கிற படப் பலகையா, தொட்டால் குரல் கொடுக்கிற டேப்லெட் கணினியா? அப்புறம், நேரமே இல்லை என்கிற ஆசிரியர்களை எப்படிச் சேர்த்துக்கொண்டீர்கள்? இரண்டு வரி எழுதினாலும் போதும்.